பாதி ஃபீஸுக்குப் பதினைந்து வருடம்

பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார் மில்ட்ரெட். கட்டைப் பிரித்து, மேலே இருக்கும் தாள்களையெல்லாம் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, சொத்து விவரம் எழுதியிருக்கும் கடைசித் தாளை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடிக்கிறார். கிழக்கே யார் வீடு, மேற்கே என்ன சாலை, வடக்கே எந்தச் சர்வே நம்பர் என்று வாய்க்குள்ளேயே படித்தபடி, இடது கைச் சுண்டுவிரலால் மேசைமேல் ஒரு கட்டம் வரைகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் பொறுமையில்லாமல் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் விரலை எடுக்காமலே நிறுத்திவிடுவார்.

"இருங்க. மொதல்ல எடம் எங்க இருக்குன்னு பாக்கேன். விக்கிற ஆளு பேரெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்."

புனே கேம்பில் ஒரு தையல்கடையின் பக்கவாட்டில் மரப்படி ஏறிப் போனால் அவருடைய அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஓர் இரும்பு பீரோ. கீழே நாலு மெஷினும் சேர்ந்து ஓடும்போது மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் மெல்ல நடுங்கும். மில்ட்ரெட்டுக்கு ஐம்பத்தைந்து வயது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தை இறுக்கிய வெள்ளைக் காலர், தோளில் ஒரு துணிப்பை. கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்குகிறது; அதை அவர் போட்டு நான் பார்த்ததில்லை. கோர்ட்டில் நின்று வாதாடுகிற வக்கீல் இல்லை அவர். யாராவது வீடு வாங்கினால், விற்கிறவனுக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறதா என்று பழைய பதிவுகளைப் பார்த்துச் சொல்வது, பத்திரத்தை வரிவரியாகச் சரிபார்ப்பது, பதிவு நாளன்று பக்கத்தில் நிற்பது, இவ்வளவுதான் அவர் தொழில்.

ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழர்கள் அவரிடம் வில்லங்கச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அவர் தலையை ஆட்டுவார். "இங்க அப்படிப் போயி நின்னு வாங்குத கவுன்டரெல்லாம் கெடையாது. நாமளே ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போயி, உக்காந்து, வருஷம் வருஷமா புக்கத் தொறந்து பாக்கணும். முப்பது வருஷம். அதுக்குத்தான் எனக்கு ஃபீஸ்."

அவருடைய தாத்தா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டாளத்துச் சமையல்காரராக இங்கே வந்தவர். மூன்றாவது தலைமுறையிலும் பேச்சில் நெல்லை போகவில்லை. நடுநடுவே இந்தி விழும். போதும் என்பதற்கு 'பஸ்' என்பார். கோபம் வந்தால் மராத்தி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முந்நூறு நானூறு குடும்பங்களுக்கு வீட்டுப் பத்திரம் பார்த்துக் கொடுத்திருக்கும் அவர், கட்கியில் ஒரு பழைய வாடகை வீட்டில், மாதம் பிறந்தால் வீட்டுக்காரருக்குப் பயந்துகொண்டு இருக்கிறார்.

ஃபீஸ் விஷயத்தில் அவர் கறார். தொகையை முதலிலேயே சொல்லிவிடுவார். அதற்கப்புறம் பேரம் கிடையாது. இரண்டாயிரத்து ஏழில் விஷ்ராந்த்வாடியில் ஒரு ஃபிளாட் வாங்க நான் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். காகிதங்களோடு அவரிடம் போனபோது ஆறாயிரம் என்றார். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றேன்.

"ஏஜென்டுக்கு எவ்வளவு குடுக்கிய?"

"ரெண்டு பர்சென்ட்."

"அதுல கொறைக்கச் சொன்னியளா?"

நான் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"அவன் ஒங்களக் கூட்டிட்டுப் போயி கதவத் தொறந்து காட்டுனான். எல்லாரும் அவனுக்குச் சிரிச்சிக்கிட்டே குடுக்காங்க. கொறைக்கதுக்கு நான் ஒருத்திதான் கெடைச்சேன் போல." குரலில் கேலி இல்லை. களைப்புத்தான் இருந்தது. "கொறைக்க மாட்டேன் தம்பி. வேணும்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க. தப்பா நெனைக்க மாட்டேன்."

கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் என் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அலினாவிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. "மில்ட்ரெட் ஆன்ட்டி கிட்டயா? அரே, ஏன் அங்க போனீங்க? எங்க சர்ச்சில யாரும் அவங்க கிட்ட போறதில்ல." இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததை அவள் பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் சொன்னாள். மாதத்துக்கு ஒரு முறை தமிழ்ப் பூசை நடக்கும் அந்தக் கோயில் முற்றத்தில், பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். பவுன் என்கிற அம்மாள் மில்ட்ரெட்டை வழிமறித்து நின்றாராம்.

"இந்தம்மா மூஞ்சிய நம்பித்தான் நாங்க வூடு வாங்கினோம். துட்ட வாங்கிக்கினு, புக்க தொறந்தே பாக்காம கையெழுத்து போட்டுக் குடுத்துடுச்சு. பாதி வூடு போச்சு. அந்தக் கவலையிலயே என் வூட்டுக்காரரும் போயிட்டாரு. நல்லா இருப்பியா நீ?"

சுற்றிலும் நூறு பேர். மில்ட்ரெட் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படியே, "ஆமா பவுனு. நான் பாக்கலதான்" என்றாராம். அவ்வளவுதான் சொன்னார். கூட்டம் விலகி வழி விட்டது. அதன் பிறகு அந்தக் கோயில் ஜனங்கள் ஒருவரும் அவருடைய மரப்படி ஏறவில்லை.

இதைக் கேட்டபின் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சனிக்கிழமை பணத்தைத் திருப்பிக் கேட்பது என்று தீர்மானித்துக்கொண்டு படியேறினேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். கோயில் முற்றத்தில் நடந்தது உண்மையா என்று.

மில்ட்ரெட் எழுந்து பீரோவைத் திறந்து, ஒரு பச்சைக் கோப்பை எடுத்து, அதிலிருந்த ஒரே ஒரு தாளை என் முன்னால் வைத்தார். மேலே இங்கிலீஷில் தட்டச்சு. கீழே கையால் எழுதிய தமிழ், எழுத்துப் பிழைகளோடு. 'பதினஞ்சு வருசம் மட்டும் தேடினால் போதும் என்று நானே சொன்னேன். அதற்கு முன்னால் உள்ளதுக்கு வக்கீல் பொறுப்பு இல்லை.' அதன் கீழே சவரிமுத்து என்று கோணலாக ஒரு கையெழுத்து. தேதி, தொண்ணூற்றேழு ஜூன்.

சவரிமுத்து பவுனுடைய கணவர். வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஆர்க்காட்டுப் பக்கம். பிள்ளைகள் இல்லை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணத்தையும் மனைவியின் நகையை விற்ற பணத்தையும் சேர்த்து, விஷ்ராந்த்வாடியில் சந்துக்குள் இரண்டு அறையும் பின்பக்கம் சமையல்கட்டும் கொஞ்சம் முற்றமும் உள்ள ஒரு பழைய வீட்டை விலை பேசியிருந்தார். பாங்குக் கடன் இல்லை. கடன் என்றால் பாங்கே ஒரு வக்கீலை வைத்துப் பார்த்திருக்கும். மொத்தமும் கைப்பணம் என்பதால் பார்க்க மில்ட்ரெட் ஒருவர்தான்.

அப்போது அவருடைய ஃபீஸ் மூவாயிரம். சவரிமுத்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். முத்திரைத்தாள் செலவு எதிர்பார்த்ததைவிட ஏறிவிட்டது, ஏஜென்ட் வேறு காத்துக்கொண்டிருக்கிறான், வெள்ளையடிக்கக்கூடக் காசு மிஞ்சாது என்றார்.

"பாதி வாங்கிக்கிங்கம்மா. பாதி வருசம் பாத்தா போதும். பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி நடந்தத இப்ப யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றார் மில்ட்ரெட் என்னிடம். "ஒண்ணு முழு ஃபீஸ் வாங்கி முழுசாப் பாத்திருக்கணும். இல்லன்னா அண்ணாச்சி நீங்க போயிட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கணும். எனக்கு அந்த மாசம் வாடகை பாக்கி. கெடைக்கித ஆயிரத்தைநூற விடவும் மனசில்ல, அதுக்கு மேல அரை நாளு உக்காரவும் மனசில்ல. புத்திசாலின்னு நெனைச்சிக்கிட்டு இந்தத் தாள எழுதி வாங்கிட்டேன்."

எண்பத்திரண்டு வரை பார்த்தார். சுத்தமாக இருந்தது. அறிக்கை எழுதிக் கொடுத்தார். பதிவும் முடிந்தது. அன்றைக்கு சவரிமுத்து ஒரு டப்பா பேடா வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு சம்மன் வந்தது. வீட்டை விற்றவனுக்கு ஒரு அக்கா இருந்தாள். சோலாப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அவர்களுடைய அப்பா எழுபத்தொன்பதிலேயே பின்பாதி வீட்டை, சமையல்கட்டும் முற்றமும் சேர்த்து, அவள் பெயருக்குத் தானமாக எழுதிப் பதிவும் செய்திருந்தார். நகரசபைக் காகிதத்தில் அவள் பெயர் ஏறவே இல்லை. தம்பிதானே இருக்கிறான் என்று அவளும் விட்டுவிட்டாள். புருஷன் இறந்து, பிழைக்க வழியில்லாமல் திரும்பி வந்தபோதுதான் வீட்டில் வேறு யாரோ இருப்பது தெரிந்தது. தம்பி பணத்தைக் கரைத்துவிட்டுக் காணாமல் போயிருந்தான்.

மில்ட்ரெட் நிறுத்தியது எண்பத்திரண்டில். இன்னும் மூன்றே வருடம் போயிருந்தால் கிடைத்திருக்கும்.

சம்மனை எடுத்துக்கொண்டு சவரிமுத்து நேராகத் தொழிற்சாலையிலிருந்து வந்தார். சண்டைக்கு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆயிரத்தைநூறு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மிச்சப் பாதி ஃபீசக் கொண்டாந்துட்டேம்மா. மிச்சப் பதினஞ்சு வருசத்தையும் பாத்துடுங்க."

"இனிமே பாத்து என்ன அண்ணாச்சி செய்ய?"

"பாருங்கம்மா. எதுனா தப்பா எழுதியிருப்பாங்க. நீங்க பாத்தா தெரியும்."

என்ன சொன்னாலும் அவர் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மில்ட்ரெட் போய்ப் பார்த்தார். தப்பாக எதுவும் எழுதியிருக்கவில்லை. பெயர், தகப்பன் பெயர், சர்வே நம்பர், எல்லை நாலும் சரியாக இருந்தன. மாலையில் அதைச் சொன்னபோது சவரிமுத்து தொப்பியை எடுத்துக்கொண்டார். எழுந்து போகும்போது, வாசலில் நின்று ஒன்று கேட்டார்.

"வூட்டுல இது தெரிய வோணாம்மா. ஃபீசப் பாதியா கொறச்சேன்னு தெரிஞ்சா அவ என்ன மன்னிக்கவே மாட்டா. நகைய வித்துக் குடுத்தவ."

மில்ட்ரெட் சொல்ல மாட்டேன் என்றார்.

வழக்கை அவரே நடத்த முடியாது. அவருடைய அறிக்கையே வழக்கில் ஒரு காகிதம். சிவாஜி நகரில் இருந்த லக்ஷ்மிநாராயணன் என்ற வக்கீலை ஏற்பாடு செய்தார். கோயில் வழியாக இலவசமாக நடத்துகிறார்கள் என்று சவரிமுத்துவிடமும் பவுனிடமும் சொல்லிவிட்டு, வாய்தாவுக்கு வாய்தா அவருடைய ஃபீசைத் தானே கொடுத்தார். முதல் தடவை கொடுத்தது அந்த ஆயிரத்தைநூறு. ஆறு வருடம் இப்படிப் போனது. லக்ஷ்மிநாராயணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: தெரியாமல் வாங்கினோம் என்று வாதாட வழியில்லை. பதிவான பத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். புத்தகத்தைப் பார்க்காதவனும் பார்த்தவன் கணக்குத்தான்.

"அந்த அம்மாளையும் கோர்ட்டுல பாத்திருக்கேன்" என்றார் மில்ட்ரெட். "கெழவி. தானப் பத்திரத்தப் பிளாஸ்டிக் பையில சுத்தி, மடியிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். அது மேல என்ன தப்பு இருக்கு? அது வீடு அது கேக்குது."

சவரிமுத்து இரண்டாயிரத்து மூன்றில், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு சைக்கிள் எடுக்கப் போன இடத்தில் விழுந்து இறந்தார். ஐந்தில் தீர்ப்பு வந்தது. பின்பாதி சோலாப்பூர்க்காரிக்கு. ஒரு வாரத்தில் நடுவே செங்கல் சுவர் எழுந்தது. பவுனுக்கு மிஞ்சியது தெருப்பக்கத்து அறைகள் இரண்டும்தான். சமைக்க இடமில்லை, குளிக்க இடமில்லை. வாசலில் ஸ்டவ் வைத்துச் சமைத்தாராம். நாலு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு தன் பாதியையும் கிடைத்த விலைக்கு அவர்களுக்கே கொடுத்துவிட்டு, போபோடியில் ஒற்றை அறை வாடகைக்குப் போனார். வீட்டை விட்டு வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கோயில் முற்றத்தில் அது நடந்தது.

நான் தாளை மறுபடி பார்த்தேன். "அன்னைக்கே இதைக் காட்டியிருக்கலாமே. உங்க பேர்ல தப்பில்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே."

"காட்டுனா?" என்றார் மில்ட்ரெட். "செத்துப்போன மனுஷன எழுப்பி நிறுத்தி, நூறு பேருக்கு முன்னால அவர் பொண்டாட்டி கையில பிடிச்சிக் குடுக்கணுமா? அவளுக்கு மிச்சம் இருக்கது அந்த மனுஷன் நெனப்பு ஒண்ணுதான். திட்டணும்னா என்னத் திட்டட்டும். அவ சொன்னதுல என்ன பொய் இருக்கு? துட்டு வாங்குனேன். புக்கப் பாக்கல."

கீழே மெஷின்கள் நின்றிருந்தன. சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. அவர் தாளைக் கோப்புக்குள் வைத்து பீரோவைப் பூட்டினார்.

"நீங்க நேராக் கேட்டதுனால சொன்னேன். இத அங்க போயி யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒங்க பணம் வேணும்னாத் தாரேன். இல்லன்னா செவ்வாக்கிழமை நானும் வாரேன், நீங்களும் லீவு போட்டுட்டு ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வாங்க. பக்கத்துல உக்காந்து நான் பாக்கேனா இல்லையான்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை, அலினாவிடம் கூட. சென்ற டிசம்பரில் பவுன் போபோடியில் அந்த ஒற்றை அறையில் காலமானார். அடக்கத்துக்கு மில்ட்ரெட் போனாரா என்று எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எழுதட்டுமா என்று அதன் பிறகுதான் கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எழுதிக்கிடுங்க. படிச்சி வருத்தப்பட வேண்டிய ரெண்டு பேரும் போயாச்சி" என்றார். அவருக்கு இப்போது வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் பெரும்பாலும் மராத்திக்காரர்கள், கேம்ப் கடைக்காரர்கள். புதிய பதிவுகளெல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதால், இதற்கு எதற்கு இவ்வளவு ஃபீஸ் என்று அவர்களும் கேட்கிறார்கள். பழைய வருடங்கள் இன்னும் புத்தகத்தில்தான் இருக்கின்றன என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போனேன். பதிவு அலுவலகத்தின் பின்கட்டில், ஜன்னல் பாதி அடைத்த நீளமான அறை. பலகைகளில் கையகலத் தடிமனில் புத்தகங்கள். மில்ட்ரெட் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். காலை பதினொன்றுக்கு, அந்த வருடத்திலிருந்து பின்னோக்கித் தொடங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழே விரல் இறங்கும். சர்வே நம்பர் வேறு என்றால் அடுத்த வரி. பல புத்தகங்களில் ஓரம் செல்லரித்திருந்தது. சிலவற்றில் பத்துப் பக்கம் சேர்ந்தாற்போலக் கிழிந்து போயிருந்தது. கிழிந்த பக்கங்களின் எண்ணைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு தடவை வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவர்மேல் எனக்கு இருந்த சந்தேகம் எண்பத்தொன்பதாம் வருடத்திலேயே போய்விட்டது. ஆனாலும் கிளம்ப மனம் வரவில்லை.

மூன்றரை மணி இருக்கும். எழுபத்தொன்பதாம் வருடப் புத்தகத்தை எடுத்து வைத்தார். என் ஃபிளாட் இருக்கும் இடமும் சவரிமுத்து வாங்கிய வீடும் ஒரே ஊர்ப் பதிவில்தான் வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரல் வரிவரியாக இறங்கிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தின் நடுவில் நின்றது.

எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் செல் இல்லை, கிழிசல் இல்லை. நீல மையில், யாரோ ஒரு குமாஸ்தாவின் வட்டமான மராத்திக் கையெழுத்து. தானம் என்ற சொல்லை என்னால்கூடப் படிக்க முடிந்தது.

மில்ட்ரெட் அந்த ஒரு வரியை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு அதன்மேல் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பின் நுனியால் துடைத்துவிட்டு, அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.